கத்தரிப்பூ நிறக் காருக்கு ஆரத்தி

காருக்கு மினுமினுப்பு அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அண்ணன் எங்கே? நான் பட்டறை வாசலில் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கையில் ஸ்ப்ரே கன்னோடு நின்றுகொண்டிருப்பேன். என் முடி, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளித் துகளாக மின்னும். அப்படியும் என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி அண்ணனைத் தேடுவார்கள். நானும் உள்ளே கையைக் காட்டுவேன். அண்ணன் அங்கே ஒடுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கைப்பேசியில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் மீன்தான்.

அண்ணன் என்று அவர்கள் சொல்வது என் வீட்டுக்காரரை. லகாட் சாலையில், ஈயம் தோண்டி எடுத்தபின் தண்ணீர் நிற்கும் பழைய ஈயக்குட்டை ஒன்றின் ஓரத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை, சாயம் கலந்து அடிப்பது என் வேலை. தட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. லாரி மோதின கதவைக்கூட மோதின தடம் தெரியாமல் ஆக்கிவிடுவார். ஆனால் சாயம் என்றால் அவருக்குச் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மற்றதெல்லாம் பழுப்பு. இருந்தும் ஈப்போவிலிருந்து லூமுட் வரைக்கும் எங்கள் பட்டறைச் சாயத்துக்கு ஒரு பேர் உண்டு, அந்தப் பேர் முழுக்க அவருடையது. யாராவது அவர் தோளைத் தட்டி, கை ராசிக்காரர் என்று புகழ்ந்தால் அவர் மறுக்கமாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார். கோயில் யானை மாதிரி தலையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

எனக்கு இருந்த ஆசை ரொம்பச் சின்னது. வெளி ஆள் ஒருவர் முன்னால், அவர் வாயால், இதை அடித்தது என் மனைவி என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொல்வார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னிக்கு நல்லா வந்துருக்கு என்பார். குழம்பைச் சொல்கிறாரா காரைச் சொல்கிறாரா என்று நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஈப்போவில் ஒரு சீனர் சாயக் கடையில் கலக்கும் மேசையில் வேலை பார்த்தேன். கடை முதலாளியான தவுக்கே என்னைக் கணக்கு எழுதத்தான் எடுத்தார். கலக்குகிற பையன்கள் மூன்று தடவை கலந்தும் நிறம் ஒத்துவராத டப்பாவைப் பார்த்து, இதில் ஒரு சொட்டு பச்சை கூடிவிட்டது என்று நான் சொன்னேன். அன்றைக்கே கணக்குப் புத்தகத்தை வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார். அவர் என்னைப் புகழ்ந்ததே இல்லை. கெட்ட டப்பா வந்தால் கத்துவார், நல்ல டப்பா வந்தால் மூடியை மூடுவார். ஆனால் வாடிக்கையாளர் யார் கலந்தது என்று கேட்டால் என் பக்கம் தாடையை ஆட்டுவார். அந்தத் தாடை ஆட்டலுக்குச் சமமானது எனக்குத் தாலி கட்டினவரிடமிருந்து வரவில்லை.

மெட்டல் ஃபிளேக் என்பதை எங்கள் ஆட்கள் கிலிட்டர் என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாழ்த்து அட்டையில் ஒட்டும் தூளுக்கும் அதே பெயர்தான், அதனால் இதுவும் பசை தடவித் தூவுகிற வேலை என்று நினைப்பு. உண்மையில் ஃபிளேக் அலுமினியத் தகட்டைப் பொடிப்பொடியாக நறுக்கினது. முதலில் வெள்ளிச் சாயம் அடிக்க வேண்டும். காய்ந்ததும், நிறமில்லாத கிளியரில் இந்தத் துகளைக் கலந்து அடிக்க வேண்டும். துகள் கனமானது, கண் மூடித் திறப்பதற்குள் கன்னின் கிண்ணத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கிண்ணத்துக்குள் இரண்டு பேரிங் உருண்டைகளைப் போட்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டைக் குலுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். கிலுகிலுப்பை ஆட்டுகிற தாய் மாதிரிதான் இருக்கும், பிள்ளை மட்டும் கிடையாது. கையின் வேகம் ஒரு இடத்தில் குறைந்தால் அங்கே துகள் குவிந்து திட்டாகிவிடும். கூடினால் அடியில் இருக்கும் சாயம் பல்லிளிக்கும். காய்ந்தபின் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அதன்மேல் கிளியர், பிறகு தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, அதன்மேல் கண்ணாடி போல நிறம், மறுபடி கிளியர், மறுபடி தேய்ப்பு. பாதியில் கரண்டு போனாலும் மழை வந்தாலும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்தத் துகள் போகாத இடம் கிடையாது. ரசத்தில் மிதக்கும், தலையணையில் கிடக்கும், கோயிலில் விபூதி பூசினால் நெற்றியில் மின்னும். எங்கள் வீட்டில் அது ஒட்டாத ஒரே இடம் அண்ணனின் தலை. சாயம் அடித்தது யார் என்று வாய் விட்டுக் கேட்கவே வேண்டாம், யார் தலை மின்னுகிறது என்று பார்த்தால் போதும். ஒருத்தரும் பார்த்ததில்லை.

கத்தரிப்பூ நிறக் கார் ஒரு கையுறை ஆலையில் வேலை பார்க்கும் இளைஞனுடையது. அவன் தாத்தா ரப்பர் பால் வெட்டின எஸ்டேட்டைப் பிடுங்கிவிட்டு வீடுகளாகக் கட்டின ஒரு தாமான் குடியிருப்பில் அவன் குடும்பம் இருந்தது. அப்பா விட்டுப்போன பழைய கார். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் புகைக்குழாய் மட்டும் விமானம் மாதிரி உறுமும். லூமுட் கடற்கரையில் இப்படிப்பட்ட கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் தன் காரைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றான் அவன். எத்தனை பெரிய ஃபிளேக் இருக்கிறதோ அத்தனை பெரியதைப் போடச் சொன்னான். கோயில் தேர் தோற்றுப்போக வேண்டுமாம். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னான். நிறத்தைக் கலந்துகொண்டிருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவனைக் கேலி செய்கிறேனே தவிர, அந்தக் காரை நான் ஆசையாகத்தான் அடித்தேன். எனக்கே கோபம் வருகிற அளவுக்கு ஆசை. இப்படி ஒரு வேலையை இப்படி ஒருத்தனுக்குச் செய்கிறோமே என்று திட்டிக்கொண்டே, கூரையின் வளைவில் துகள் ஒரே சீராக விழ மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். வெள்ளியின் மேல் கத்தரிப்பூ நிறத்தை ஏற்றியபோது, அது நிழலில் கறுத்துக் கிடந்தது. கடைசித் தேய்ப்பு முடிந்து வெயிலுக்குத் தள்ளினதும் கார் முழுக்கப் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் அடித்ததிலேயே நல்லது அதுதான்.

கார் எடுக்க அவனோடு அவன் கூட்டாளிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை. காரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். பிறகு அண்ணனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பாகுஸ்லா அண்ணே, உங்க கையே கைதான் என்று ஒருத்தன் சொன்னான். அண்ணன் தலையை ஆட்டினார். என்னைக் கூப்பிட்டது படத்தை எடுத்துக் கொடுக்க. எடுத்துக் கொடுத்தேன். அண்ணனின் தலையைப் பாதியில் வெட்டி எடுத்தேன் என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது அந்த இளைஞனிடம் நான் மட்டும் ஒன்று சொன்னேன். கிளியர் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு மெழுகு வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், எதையும் மேலே வைக்க வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால்கூட உடனே தண்ணீரில் துடைத்துவிட வேண்டும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது என்றும் சொன்னேன். ஓகேலா அக்கா என்றான். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிற ஓகேலாவுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

கார் வீட்டுக்குப் போனதும் அவன் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. தாமானே வாசலில் வந்து நின்று பார்த்திருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா. மகன் ஊர்க்கண் முழுக்கத் தன்மேல் பட வேண்டும் என்று காருக்கு அலுமினியம் பூசுவானாம், ஊர்க்கண் பட்டுவிட்டதே என்று அம்மா சுற்றிப் போடுவாராம். எங்கள் சனத்துக்கு இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் வேண்டும். ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்றால் பழைய பழுப்பு நிறத்திலேயே விட்டிருக்கலாம், அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நடந்ததைப் பிறகு அந்த இளைஞனே சொன்னான். அம்மாவும் தாய்மாமனும் சேர்ந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார்கள். அது பரவாயில்லை, சக்கரத்துக்கு நான் சாயம் அடிக்கவில்லை. பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டில் வெற்றிலையின் மேல் கற்பூரம் ஏற்றி, காருக்கு ஆரத்தி சுற்றினார்கள். புதுப் பெண்ணுக்குச் சுற்றினால் அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைப்பது வழக்கம். காருக்கு நெற்றி எது? பானெட். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு. மகன் துடைக்கப் போயிருக்கிறான், நான் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்கிறது. அம்மா கையைத் தட்டிவிட்டார். ஆரத்திப் பொட்டைத் துடைத்தால் சுற்றினதெல்லாம் வீணாம், வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றாராம். அது வழிந்து வழிந்து, பொட்டிலிருந்து கீழே நம்பர் பிளேட் வரைக்கும் மூன்று கோடு.

சனிக்கிழமை கழுவினால் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள், அதனால் கோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அம்மா, தாய்மாமன், மகன் மூன்று பேரும் காரோடு பட்டறைக்கு வந்தார்கள். நான் பானெட்டைப் பார்த்தேன். அத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலையின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், மூக்கு வழிகிற மாதிரி மூன்று கோடு.

அந்த அம்மா தன் ஆரத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமிக்குச் செய்தது எப்படிக் கறையாகும்? சாயத்தில்தான் குறை. அதுவும் சாதாரணக் குறை இல்லை. இங்கே சாயம் அடிக்கிறது ஒரு பொம்பளை என்று தாமானில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாத உண்மை, பழி என்றதும் ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

“அந்த மூணு நாளு பாக்காம கை வச்சிருக்காங்க தம்பி. அதான் சாமி காட்டிருச்சு. யாரு அடிச்சது, உள்ளதச் சொல்லுங்க.”

அண்ணன் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், ஈயக்குட்டையைக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“அவதான் அடிச்சா.”

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளி ஆள் முன்னால், தெளிவாக, என்னைக் கையால் காட்டியும் சொல்லிவிட்டார். அதைக் கேட்கும்போது எனக்கு என்னவெல்லாமோ தோன்றும் என்று நினைத்திருந்தேன். தோன்றினது ஒன்றுதான், அந்தச் சுத்தியலைப் பிடுங்கி ஈயக்குட்டையில் வீச வேண்டும் என்று. அழுகை வரவில்லை. அவ்வளவு மரியாதைக்கு அவர் தகுதியானவர் இல்லை.

ஆமாம், நான்தான் அடித்தேன், காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவர்கள் போனதும் காரைத் தள்ளி நல்ல வெயிலில் நிறுத்தினேன். ஒன்றும் தடவவில்லை. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. புடவையில் பட்ட மஞ்சளை அலசி வெயிலில் போட்டால் தானாகப் போய்விடும் என்பது துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். பழி போட ஆள் கிடைத்த அவசரத்தில் மறந்துவிட்டது. நாளுக்கு நாள் ஆரஞ்சு வெளுத்துக்கொண்டே வந்து ஒருநாள் காணாமல் போனது. சுண்ணாம்பு அரித்த தடம் மட்டும் லேசாக மங்கலாக நின்றது. அதை மெல்லிய தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு எடுத்தேன். அந்த நாட்களில் நானும் அண்ணனும் உப்பு, அரிசி தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள், பொம்பளைங்கிட்ட சண்டை எதுக்குன்னுதான் அப்பிடிச் சொன்னேன் என்று ஆரம்பித்தார். நான் மிக்சியைப் போட்டேன்.

காரை எடுக்கத் தாய்மாமன்தான் வந்தார். பானெட்டைத் தடவிப் பார்த்து அசந்துபோனார். எங்கள் அக்கா கோயிலில் அர்ச்சனை செய்தாள், அதுதான் கறை இறங்கிவிட்டது என்றார். பிறகு, மிச்சத்தை அண்ணன் கைவைத்துச் சரியாக்கிவிட்டார் என்று தானே முடிவு செய்தார். அண்ணன் தலையை ஆட்டினார். ஆம், மறுபடியும் ஆட்டினார்.

தாய்மாமனிடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று இருந்தது. இதே கத்தரிப்பூவில் அதற்கும் அடிக்க வேண்டுமாம். ஒரு நிபந்தனை மட்டும். அண்ணன் கைதான் படவேண்டும், வேறு கை கூடாது. வேறு கை என்று சொல்லும்போது என் கையைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் பின்னால் அடித்துக்கொடுப்பேன், இவர் முன்னால் தலையை ஆட்டலாம் என்று கணக்கு.

தாராளமாக அண்ணனே அடிக்கட்டும் என்றேன். நிறம் சரியா என்று மாமா பார்த்துவிட்டே போகட்டும், இதோ ஒரு பழைய பானெட் கிடக்கிறது, இதில் இப்போதே அடித்துக் காட்டட்டும் என்று மாமாவுக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தேன். கிளியரையும் துகளையும் நானே அளந்து கிண்ணத்தில் ஊற்றிக்கொடுத்தேன். அதில் நான் வஞ்சனை செய்யவில்லை.

அண்ணன் கன்னை எடுத்தார். கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்னச் சல்லடை உண்டு. சாதாரணச் சாயத்துக்கு அது வேண்டும், ஃபிளேக்குக்கு அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் துகள் எல்லாம் அதிலேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நான் அதைக் கழற்றி மைலோ டின்னின் மூடியில் வைப்பதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவர் அதை மூடியிலிருந்து எடுத்துத் துடைத்து, மறந்துபோய் வெளியே வைத்துவிட்டாளே என்கிற முகத்தோடு அதன் இடத்தில் பொருத்தினார். பேரிங் உருண்டை போடவில்லை. விசையை அழுத்தினார். நல்ல சுத்தமான கிளியர் வந்தது, துகள் ஒன்றுகூட வரவில்லை. கம்ப்ரெசரில் காற்று பத்தவில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காற்றைக் கூட்டினார். கன் இருமியது. பிறகு மூடி தெறித்து, பாதிக் கிண்ணம் பானெட்டில் கட்டியாக விழுந்தது, மீதி அவர் தலையில் கொட்டியது. பானெட்டில் விழுந்தது கிளறாமல் விட்ட உப்புமா மாதிரி கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் தலை மின்னியது.

தாய்மாமன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அப்ப நம்ம பையன் காடியில கறைய எடுத்தது யாரு, இத்தன நாளா இங்க அடிச்சது யாரு என்று கேட்டார். அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். கம்ப்ரெசர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்றேன். உண்மையில் கேட்டது. அவர் நடந்துபோய் கம்ப்ரெசரை அணைத்தார். கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“அவதான் அடிச்சா. எல்லாக் காடியும் அவதான்.”

தாய்மாமன் அண்ணனிடமே, குரலைத் தாழ்த்தி, நல்ல நாளாகப் பார்த்து அடிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எந்த நாளைச் சொல்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். பதிலை நானே சொன்னேன்.

“அந்த மூணு நாள்லதான் எனக்குக் கை நல்லா ஓடும் மாமா. புடிச்சா வச்சுட்டுப் போங்க. இல்லாட்டி இவரே அடிப்பாரு.”

அவர் பழைய பானெட்டில் கிடந்த உப்புமாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கையை நீட்டவில்லை. சாவி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு என் பக்கம் திரும்பியது. கையைத் துடைக்காமலே வாங்கிக்கொண்டேன்.